எடைத்தேர்தல்

2010 மார்ச் 25, வியாழக்கிழமை. வேலை முடிந்து மலேசியாவின் ரவாங்கில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா போன் அடித்தார். அவருக்குப் போனில் நலம் விசாரிக்கும் பழக்கம் கிடையாது. பேசப் பேசக் காசு ஓடும் என்ற பயம். எடுத்த எடுப்பிலேயே விஷயம்தான்.

"டேய், நம்ம எம்.பி. செத்துட்டாராம். பாவம், ரொம்ப நாளா முடியாமதான் இருந்தாரு. இனிமே ரோடு போட வருவாங்க. வாசல்ல இருக்கிற லோங்காங்கையும் சேத்துக் கட்டச் சொல்லணும். நீ வந்து ஒரு லெட்டர் எழுதிக் குடு."

பாவத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் அவர் மூச்சுகூட வாங்கவில்லை. எனக்கு முகம் சுளித்தது. அந்த மனிதரை இன்னும் அடக்கம்கூடச் செய்திருக்க மாட்டார்கள், அதற்குள் உங்களுக்குச் சாக்கடையா என்று கேட்டேன். "நீ படிச்சவன், அப்படித்தான் பேசுவ" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு இன்றைக்கு இல்லை. ஏன் இல்லை என்று சொல்வதற்கு ஒரு பால் ஸ்டோரிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியம்மா பத்தாங்காலியைச் சுற்றியிருந்த தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டு, நெற்றியில் கட்டிய விளக்கு, மரத்துக்கு மரம் ஓட்டம், பிறகு மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்து, காண்டா என்ற தோள் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடை. பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் சுற்றுலா. நானும் பின்னாலேயே போயிருக்கிறேன். ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி நிற்பார். பாலை நிறுப்பார். மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலுக்குள் விட்டு அதில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்ப்பார். பார்த்ததை அவரே எழுதிக்கொள்வார். வெட்டியவருக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் புத்தகம் எப்போதும் கிராணி பக்கம்தான் திரும்பியிருக்கும். கூட வந்த பெண்கள் கிராணியைப் பார்த்துச் சிரிப்பார்கள், குழைவார்கள், நாளைக்கு ஒரு அரைக் கிலோ கூட விழாதா என்ற நப்பாசை. பெரியம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, காதோடு காதாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "கிராணி மூஞ்சியப் பாக்காத. முள்ளப் பாரு."

இடைத்தேர்தலை அவர் சொல்வது "எடைத்தேர்தல்" என்று. இலை எலையாவது போலத்தான் இதுவும். போதாததற்கு அப்போது நாட்டை ஆண்ட தேசிய முன்னணிக் கூட்டணியின் சின்னம் வேறு தராசு. தராசுக்காக நடக்கும் தேர்தல், அதனால் எடைத்தேர்தல் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதாக நான் பல வருடம் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பெரியம்மா மறுத்ததில்லை. தெரிந்தேதான் சொன்னாரோ என்னவோ.

சரி, தொகுதிக்கு வருவோம். உலு சிலாங்கூர் என்பது பழைய முதலாம் நம்பர் கூட்டரசுச் சாலையில் கோத்த மணிகள் மாதிரி. செரண்டா, பத்தாங்காலி, ராசா, கோலகுபு பாருவுக்குத் திரும்பும் சந்தி, கெர்லிங், காலும்பாங். அதைத் தாண்டினால் பேராக் மாநிலம். சாலையின் இரண்டு பக்கமும் என் தாத்தா காலத்தில் ரப்பர். அப்பா காலத்தில் செம்பனை. என் காலத்தில் வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரப் பலகை. தோட்டம் கைமாற, லயத்து வீடுகளை விட்டு வெளியேறியவர்கள் இந்தச் சிறு டவுன்களின் ஓரங்களில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். பெரியம்மாவும் அப்படித்தான் வந்தார். தோட்டத்தில் கோயில் இருந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது, கள்ளுக்கடை இருந்தது. டவுனில் அவருக்குக் கிடைத்தது பட்டா இல்லாத மனையில் ஒரு பலகை வீடு, வாசலில் மழைக்கு நிரம்பி வழியும் ஒரு லோங்காங்.

2010இல் தொகுதியில் ஏறக்குறைய 64,500 வாக்காளர்கள். பாதிக்குச் சற்று மேல் மலாய்க்காரர்கள், நாலில் ஒரு பங்கு சீனர்கள், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய நாம். இந்த ஐந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் தனியாக ஜெயிக்க முடியாது. ஆனால் தோற்கடிக்க முடியும். அது எங்களுக்கே 2008இல்தான் தெரிந்தது. 1990இலிருந்து நான்கு தவணை, தேசிய முன்னணியில் இருந்த மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வின் ஜி. பழனிவேல்தான் இங்கே எம்.பி. தோட்டத்தில் ஓட்டு என்றால் தராசு. அதற்குமேல் பேச்சு கிடையாது. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தது. எங்கள் சந்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். கண்ணீர்ப்புகை பட்டுச் சிவந்த கண்ணோடு திரும்பி வந்து அதை ஒரு மாதம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மார்ச் 8 பொதுத்தேர்தலில் பழனிவேல் தோற்றார். வித்தியாசம் 198 ஓட்டு. எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒரு பந்திக்கு அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.

அந்த 198இல் ஜெயித்தவர்தான் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பி.கே.ஆர். கட்சியின் டத்தோ ஜைனால் அபிடின் அகமது. மூளைப் புற்றுநோயால் இறந்தார். அவரைப் பற்றி எனக்கு இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை என்பது எனக்கே உறுத்துகிறது. என் எம்.பி. அவர். நான் ஓட்டுப் போட்டுத்தான் ஜெயித்தார்.

பெரியம்மாவுக்குச் சாவு என்றதும் ரோடு ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஈஜோக். அங்கேதான் என் சித்தியைக் கட்டிக்கொடுத்தது. 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் இறந்துபோனார். அவர் ம.இ.கா. அந்த மாதமே 28ஆம் தேதி இடைத்தேர்தல். வருடக்கணக்கில் குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைகளில் தார் விழுந்தது, லாம்பு எரிந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் பேசினார். சித்தி சொன்னாராம்: "எங்க வைபி செத்துத்தான் எங்களுக்கு வெளிச்சம் குடுத்தாரு." தேர்தலில் ம.இ.கா.வின் கே. பார்த்திபன் 1,850 ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர் பி.கே.ஆரின் காலிட் இப்ராஹிம். பார்த்தீர்களா, ரோடு போட்டால் ஓட்டு என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2008 பொதுத்தேர்தலில் அதே ஈஜோக் அதே காலிட்டை ஜெயிக்க வைத்தது, அவர் சிலாங்கூருக்கே மந்திரி புசார், அதாவது முதலமைச்சர் ஆனார். ரோட்டையும் வாங்கிக்கொண்டு ஓட்டையும் மாற்றிப்போட்ட ஊர் அது. தோட்டத்து ஜனங்களை அரிசி மூட்டைக்கு மயங்குபவர்கள் என்று சொல்பவர்கள் ஈஜோக்கின் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

இதில் சட்டம் எப்படி என்றால், கூட்டரசு அரசியலமைப்பின் 54ஆவது பிரிவு. ஓர் இடம் காலியானது உறுதியான நாளிலிருந்து 60 நாளுக்குள் தேர்தல் நடத்தி நிரப்ப வேண்டும். நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிய இரண்டு வருடத்துக்குள் காலியானால் பொதுவாகத் தேர்தல் இல்லை. ஆகவே எம்.பி. இறந்தால் மட்டும் ரோடு வராது, சரியான சமயத்தில் இறக்க வேண்டும். பெரியம்மாவிடம் இதை விளக்கியபோது, "அதுக்கும் தேதி வச்சிருக்கானுங்களா?" என்றார்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பொதுத்தேர்தல் என்றால் நாடாளுமன்றம் கலைந்திருக்கும், அமைச்சர் காபந்து அமைச்சர், அவர் சொல்வதெல்லாம் இனிமேல் செய்வேன் என்ற கணக்கு. இடைத்தேர்தலில் அரசாங்கம் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கஜானா சாவி இடுப்பில் தொங்க, அமைச்சர் உங்கள் வாசலில் நிற்கிறார். வேட்பாளர் செலவுக்கு இரண்டு லட்சம் ரிங்கிட் என்று சட்டத்தில் வரம்பு உண்டு. அமைச்சர் அறிவிப்பது வேட்பாளர் செலவில் வராது. 2010இல் எங்களுக்கு இன்னொரு விசேஷமும் வாய்த்தது: மத்தியில் தேசிய முன்னணி, சிலாங்கூரில் பி.கே.ஆர். இருந்த மக்கள் கூட்டணி. இரண்டு பேர் கையிலும் சாவி.

அது 2008 பொதுத்தேர்தலுக்குப் பிறகு நாட்டில் நடந்த பத்தாவது இடைத்தேர்தல். அரசாங்கம் மாறப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பிரதமர் நஜிப் பதவிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 198ஐத் திருப்பி எடுக்க முடியுமா என்பதே கேள்வி.

வேட்பாளர் யார் என்பதில் ஒரு வாரம் போனது. ம.இ.கா. தலைவர் சாமிவேலு பழனிவேலையே கேட்டார். கூட்டணியின் பெரியண்ணன் அம்னோவுக்கு அவர் வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் பத்திரிகையில் வந்து மறுநாள் காணாமல் போகும். கடைசியில் பி. கமலநாதன். எதிரே பி.கே.ஆரின் சைட் இப்ராஹிம். அமைச்சராக இருந்து, விசாரணையில்லாமல் பிடித்து வைக்கும் இசா சட்டத்தை 2008இல் பயன்படுத்தியதை எதிர்த்துப் பதவியை விட்டவர். ஊர் கிளந்தான். முடிவெட்டும் கடையில் இரண்டு கட்சி. தமிழனுக்கு இருக்கிற ஓர் இடத்தையும் விடக் கூடாது என்பார் ஒருவர். பதினெட்டு வருடம் தமிழன்தானே இருந்தான், உன் வீட்டுக்குப் பட்டா வந்ததா என்பார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், கழுத்தில் கத்தி இருப்பதையும் மறந்து.

ஏப்ரல் 17 வேட்புமனு, 25 வாக்களிப்பு. எட்டு நாள். அந்த எட்டு நாளில் நான் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு பெரியம்மா வீட்டில் இருந்தேன்.

முதலில் வாசனைதான் மாறியது. தார் வாசனை. ராத்திரி பதினோரு மணிக்கு லைட் போட்டுக்கொண்டு சாலை போட்டார்கள். புல் வெட்டினார்கள். பழைய புல்லையே மூன்று நாளில் இரண்டு தடவை வெட்டினார்கள். கொடிகள் கட்ட மரம் போதாமல் ஒரே கம்பத்தில் தராசும் பி.கே.ஆரின் கண் சின்னமும் மேலும் கீழுமாகப் பறந்தன. நாட்டின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கியதில் ரொட்டி சானாய்க் கடையில் காலை ஒன்பது மணிக்கே மாவு தீர்ந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் "வணக்கம்". எங்கள் லோங்காங் ஓரமாகப் பளபளக்கும் சப்பாத்து போட்ட ஒருவர் நடந்து வந்தார். அவர் துணை அமைச்சர் என்று அவர் போன பிறகுதான் தெரிந்தது. ராசாவில் பிரதமரே பேசினார்: அங்கிருக்கும் சீனப் பள்ளிக்கு 30 லட்சம் ரிங்கிட், ஞாயிறு ஜெயித்தால் திங்கள் காசோலை. அவர் அதை ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை, மேடையில் சொன்னார். பெரியம்மாவுக்கு அதில் கோபமே வரவில்லை. "அந்தாளு தெளிவாப் பேசுறாரு" என்றார்.

லெட்டர் எழுதினேன். மலாயில், மரியாதையாக, இரண்டு விஷயம்: லோங்காங், வீட்டு மனைக்குக் கிராண்ட், அதாவது பட்டா. கூடவே பழைய ரசீது, தண்ணீர் பில், மாமா இறந்த சர்டிபிகேட், தோட்டத்தில் கொடுத்த வேலை விடுப்புக் கடிதம் எல்லாம். இவை பெரியம்மாவிடம் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையில் எப்போதும் தயாராக இருக்கும். தீப்பிடித்தால் முதலில் எடுத்துக்கொண்டு ஓடுவது சாமிப் படமா அந்தப் பையா என்று கேட்டால் பையைத்தான் சொல்வார். நகல் எத்தனை எடுக்கட்டும் என்றேன். "எட்டு."

எட்டும் போனது. இந்தக் கட்சியின் பிலிக் கெராக்கான் என்ற தேர்தல் பணிமனையில் ஒன்று, அந்தக் கட்சி பிலிக் கெராக்கானில் ஒன்று, துணை அமைச்சரின் உதவியாளர் கையில் ஒன்று, மந்திரி புசார் அலுவலகத்து ஆள் என்று சொல்லிக்கொண்டவரிடம் ஒன்று. இப்படி இரண்டு பக்கமும் கொடுத்தால் யாரும் செய்ய மாட்டார்கள் என்று எச்சரித்தேன்.

"ரெண்டு தட்டுலயும் வைக்கணும்டா. ஒரு தட்டுல மட்டும் வச்சா அது எடையா?"

எங்கள் சந்தின் கடைசி வீட்டில் ஒரு ஆயா இருந்தார். பெரியம்மாவைவிட வயது மூத்தவர். ஒரே தோட்டம், ஒரே பெரட்டு. அந்த எட்டு நாளும் சாயங்காலமானால் தலைவாரி, பவுடர் போட்டு, வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காருவார். கட்சிக்காரப் பையன்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கும். வீட்டு நம்பரைப் பார்ப்பார்கள், தாளைப் பார்ப்பார்கள், தாண்டிப் போவார்கள். ஆயாவிடம் இருந்தது சிவப்பு ஐசி (அடையாள அட்டை). நிரந்தரவாசி, பிரஜை இல்லை, ஓட்டு இல்லை. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட எத்தனையோ தோட்டத்துக் கிழவிகளில் ஒருவர். ஆறாம் நாள் ஒரு பையன் மட்டும் நின்று, "பாட்டி, ஓட்டு இருக்கா?" என்று கேட்டான். இல்லையென்றதும் கொடுக்க நீட்டிய பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தான். கெட்ட பையன் இல்லை. அவனுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

"நான் பொறந்ததும் இங்கதான், என் புருசன பொதச்சதும் இங்கதான்" என்றார் ஆயா எங்களிடம். "இந்தச் சின்னப் பய தாளுல என் பேரு இல்லையாம்."

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், முதல் நாள் வந்திருந்த ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிரித்துப் பாதியை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி எடுத்துவந்தார். எந்தக் கட்சி கொடுத்த அரிசி என்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. மற்றக் கட்சி கொடுத்தது பீஹூன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. நம் நாட்டில் வாக்குச்சாவடியை வயதுப்படி சாலுரானாகப் பிரித்திருப்பார்கள். முதல் சாலுரான் மூத்தவர்களுக்கு, போகப்போக இளசுகள். பள்ளிக்கூட வகுப்பறைகளில் வரிசை நிற்கும்போது ஒரு தோட்டத்தின் தலைமுறைகளை அடுக்கி வைத்தது போலவே இருக்கும். முதல் வரிசையில் ஊன்றுகோலும் வெற்றிலையும். எங்கள் வரிசையில் ஹெல்மெட். அப்போது விரலில் மையெல்லாம் கிடையாது, அது 2013இல்தான் வந்தது. பெரியம்மா வெளியே வந்து ஒரு கட்சிக் கூடாரத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். எதிர்க் கூடாரத்தில் நாசி லெமாக் கொடுக்கிறார்கள் என்று என்னை அனுப்பி வாங்கிவரச் சொன்னார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "கிராணி எழுதுனத நம்மகிட்ட காட்டுனானா?" என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடி, அங்கேயே எண்ணினார்கள். என் நண்பன் ஒருவன் எண்ணும் இடத்தில் ஏஜெண்ட். ஒவ்வொரு சாலுரானுக்கும் ஒரு போராங் 14. எண்ணிக்கையை எழுதி ஏஜெண்டுகள் கையெழுத்துப் போட வேண்டும். ரகசிய ஓட்டுதான், ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவனுக்குக் கிழவிகள் என்ன செய்தார்கள், பேரப்பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் சாலுரானில் தராசு ஏறியதாகவும், கடைசிப் பக்கம் போகப்போகக் கண் ஏறியதாகவும் நண்பன் சொன்னான். அவன் அதைத் துக்கத்தோடு சொன்னான், கிழவிகள் அரிசிக்கு விழுந்துவிட்டார்கள் என்ற தொனியில். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் வீட்டுக்கு ரோடு ஏற்கெனவே இருந்தது.

கமலநாதன் 24,997. சைட் இப்ராஹிம் 23,272. வித்தியாசம் 1,725. ராத்திரி டவுனில் பட்டாசு. 198இலிருந்து அந்தப் பக்கம் 1,725க்கு முள் நகர்ந்த தூரத்தை நினைத்துக்கொண்டே படுத்தேன். ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வந்து போட்ட ஓட்டில், அதுகூட ஒரு நூலிழைதான்.

மறுநாள் காலை வெளியே வந்து பார்த்தால் ரோட்டு இயந்திரம் இல்லை. தார் எங்கள் சந்து முனையிலிருந்து உள்ளே வந்து, நாலாவது வீட்டு வாசலில், கத்தியால் வெட்டியது போல நின்றிருந்தது. பெரியம்மா வீடு ஆறாவது. லோங்காங் அப்படியே. கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த பங்களாதேஷ் இளைஞர்களுக்குப் பெரியம்மா தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு ஏதோ எண்ணினார்.

"அவங்களுக்கு நாப்பதாம் நாளுதான முக்கியம்? இன்னும் நாப்பது ஆகலடா."

இறந்து முப்பத்திரண்டு நாள். நமக்குப் பதினாறாம் நாள் காரியம்; மலாய்க்காரர் வீட்டில் நாற்பதாம் நாள் வரை ஓதுவார்கள். நாற்பது முடியுமுன் மனு, பிரச்சாரம், ஓட்டு, எண்ணிக்கை, பட்டாசு எல்லாம் முடிந்திருந்தது. "அந்தம்மா வீட்டுல எப்படி இருக்கோ" என்றார். மறைந்தவரின் மனைவியைத்தான் சொன்னார். எட்டு நாளில் எந்த மேடையிலும் நான் கேட்காத கேள்வி. அதைக் கேட்டவர், செய்தி வந்த ஐந்தாம் விநாடி சாக்கடையைப் பற்றிப் பேசிய அதே மனுஷி.

எட்டு நகலில் ஒன்றுக்குப் பதில் வந்தது. மனு கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று இரண்டு வரி. அதுவும் சிவப்புப் பைக்குள் போனது.

பிறகு நடந்தது பெரிய கதை இல்லை. 2013இல் கமலநாதனே ஜெயித்தார், துணைக் கல்வி அமைச்சரானார், 2018இல் தோற்றார், 2022இல் தொகுதி பெரிக்காத்தான் கூட்டணியின் கைக்குப் போனது. நடுவில் 2014இல் தெலுக் இந்தானில் ஓர் எம்.பி. இறந்து, இடைத்தேர்தலில் 238 ஓட்டில் முடிவானபோது, பெரியம்மா டிவி பார்த்துக்கொண்டு, "ரோடு போட்டாங்களான்னு காட்ட மாட்டேங்குறான்" என்று சலித்துக்கொண்டார். ஆயா அதற்குள் போய்விட்டிருந்தார். சிவப்பு ஐசியோடுதான் போனார்.

2024 மார்ச்சில் கோலகுபு பாரு சட்டமன்ற உறுப்பினர் லீ கீ ஹியோங் இறந்தார். அவர் ஜனநாயக செயல் கட்சி, ஜ.செ.க. அந்த வருடம் மே 11 இடைத்தேர்தல். இப்போது பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பத்தாங்காலி வேறு சட்டமன்றத் தொகுதி, நமக்கு ஓட்டு இல்லை என்றதும் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஐசியில் முகவரியை மாற்றினால் நடக்குமா என்றுகூடக் கேட்டார். இந்திய வாக்காளர்கள் கோபத்தில் இருக்கிறார்கள், ஓட்டுப் போட வரமாட்டார்கள் என்று பேச்சு அடிபட, திரும்பவும் எல்லாருக்கும் "வணக்கம்" நினைவுக்கு வந்தது. அப்போது மேலே வந்ததுதான் ஐந்து தோட்டங்களின் விவகாரம்: மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து வீடு கேட்டுக்கொண்டிருந்த முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த இடைத்தேர்தல் சமயத்தில், 245 வீடுகள் என்று வீடமைப்பு அமைச்சர் அறிவித்தார். ஜ.செ.க.வின் பாங் சோக் தாவ் 3,869 ஓட்டில் ஜெயித்தார்.

நான் செய்தியை வாசித்துக் காட்டினேன். உலு சிலாங்கூரில் 2010இலும் ஓர் இடைத்தேர்தல் நடந்ததே, அப்போதும் இந்தக் குடும்பங்கள் இங்கேதானே இருந்தன என்று எனக்கு வயிற்றெரிச்சல். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லதுதான். சாவி கையில வந்ததும் சொல்லு" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்றார். எந்தப் பெண் என்று எனக்குப் புரியவில்லை. ஜெயித்தவரா? "செத்துப்போன பொண்ணுடா. எதுல போச்சு?"

போன மாதம் அவரை ரவாங்கில் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு வாடகைக் காரில் திரும்பினோம். ஓட்டியவன் இருபது வயது மலாய்ப் பையன், ஊருக்குப் புதிது. போன் காட்டிய வழி சந்து முனையோடு முடிந்துவிட்டது. பெரியம்மா முன் சீட்டை எட்டித் தட்டி, தன்னுடைய தோட்டத்து மலாயில் வழி சொன்னார்: "ஜாலான் பிலிஹான் ராயா ஹாபிஸ், சானா பெர்ஹெந்தி." தேர்தல் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்து.

பையன் பெயர்ப்பலகை தேடினான். "அப்படி ஒரு ரோடு இல்லையே, பாட்டி?"

"மெதுவாப் போ" என்றார் பெரியம்மா. "குலுங்கும்."